வளையல் சொன்ன சேதி

வளையல் கைக்கு அழகு என்று நமக்குத் தெரியும். கலகலவென்று ஓசையிட்டு, வீட்டில் பெண் நடமாட்டம் உண்டு என்று அறிவிக்கும் என்பதும் தெரியும். ஆனால் அதே வளையல் ஒரு நாள் வைத்தியர் வேலையும் பார்க்கும் என்று நான் நினைத்ததில்லை. "அம்மா, உன் கையில் ஏதோ கோளாறு இருக்கிறது, கவனி!" என்று அது ஒரு பெண்மணியை எச்சரித்திருக்கிறது. அவர் அதைக் கவனிக்கவில்லை. அதன் பலனை எட்டு மாதம் அனுபவித்தார். பிறகு எப்படி மீண்டார் என்பதுதான் இந்தக் கட்டுரை.

சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகும் பெருஞ்சாலையில் திண்டிவனத்தைத் தாண்டி, விழுப்புரம் வருவதற்கு முன்னால் மேற்கே திரும்பினால் பிரம்மதேசம். சோழர் காலத்துச் சிவாலயங்கள் இரண்டு அங்கே உண்டு. பக்கத்து ஊரான எண்ணாயிரத்தில், முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில் 340 மாணவர்கள் சாப்பாட்டோடு கல்வி கற்ற பெரிய கல்லூரி ஒன்று இருந்ததைக் கல்வெட்டு சொல்கிறது. கல்விக்குப் பெயர் போன அந்த வட்டாரத்துக்கு நானும் ஒரு பாடம் கற்றுக்கொள்ளத்தான் போனேன். எனக்குப் பாடம் சொன்ன அம்மாள் எழுதப் படிக்கத் தெரியாதவர்.

"வாம்மா, வெயில்ல வந்திருக்கே. முதல்ல மோர் குடி. அப்புறம் கேளு" என்றார், திண்ணையில் மல்லாட்டை உரித்துக்கொண்டே. வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். "எல்லாத்தையும் சொல்றேன். பேரு மட்டும் போடாதே. பேத்திக்குக் கல்யாணம் பேசணும்" என்று நிபந்தனையும் போட்டார். மார்பகப் புற்றுநோய் வந்த வீடு என்றால் சம்பந்தம் பேச வருகிறவர்கள் தயங்குவார்களே என்ற கவலை அவருக்கு. நிபந்தனைக்குக் கட்டுப்பட்டேன்.

ரவிக்கைக் கை போதவில்லை

சில வருஷங்களுக்கு முன் அவருக்கு வலது மார்பில் ஒரு கட்டி. வலி இல்லாததால் ஆறு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனார். ரண சிகிச்சை நடந்தது. மார்பை எடுத்ததோடு, அக்குளில் இருந்த நெறிகளையும் டாக்டர்கள் எடுத்துவிட்டார்கள். அதன் பின் மருந்து ஏற்றினார்கள். கதிர் சிகிச்சையும் கொடுத்தார்கள். "பிழைச்சேன். அதுக்கு மேல என்ன வேணும்னு வீட்டுக்கு வந்துட்டேன்" என்றார்.

ஒரு வருஷம் போயிற்று. ஒரு பொங்கலுக்குக் கண்ணாடி வளையல் அடுக்கப் போனார். இடது கைக்கு வழக்கம்போல் 'ரெண்டே நாலு' அளவு சரியாக இருந்தது. வலது கைக்கு அது ஏறவே இல்லை. "வேலை செஞ்ச கை, தடிச்சுப் போச்சு" என்று தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டு, வலது கையை வெறுமையாக விட்டுவிட்டார்.

அடுத்து உண்மையைக் கண்டுபிடித்தவர் அவருடைய மருமகள். அவர் வீட்டில் தையல் மெஷின் வைத்து ரவிக்கை தைக்கிறவர். "அத்தைக்கு அளவு ரவிக்கை பழசுதான் வச்சிருந்தேன். தைச்சுக் கொடுத்தா வலது கை மட்டும் போதலேங்கறாங்க. டேப் எடுத்து அளந்தேன். இடது கையைவிட வலது கை மூணு சென்டிமீட்டர் கூட இருந்தது. எனக்குப் பக்குனு ஆயிட்டுது" என்றார் அந்த மருமகள்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் நம் வீடுகளில் வீக்கம் என்றால் முதலில் ஞாபகம் வருவது எது? எண்ணெய்தானே! ஊரில் கை கால் பிசகினால் உருவி விடுகிற ஒரு பாட்டியைக் கூப்பிட்டார்கள். அவர் நல்லெண்ணெயைச் சுட வைத்து, தோளிலிருந்து விரல் வரை பலம் கொண்ட மட்டும் அழுத்தி உருவினார். நான்கு நாள் இப்படி நடந்தது. ஐந்தாம் நாள் கை தீயாய்ச் சிவந்தது; குளிர்க் காய்ச்சல் தூக்கிப் போட்டது. "கை ஒரு தூணாட்டம் ஆயிடுச்சும்மா. கான்ஸர்தான் திரும்பி வந்துடுச்சுன்னு நினைச்சு, மகன்கிட்ட நிலத்துப் பத்திரம் எங்க இருக்குன்னு சொல்லி வச்சுட்டேன்" என்றார்.

வந்தது கான்ஸர் அல்ல. நிணநீர் தேங்கிய வீக்கம். அதன் மேல் கிருமியும் தொற்றியிருந்தது.

ஏரியும் வடிகாலும்

நிணநீர் என்றால் என்ன? விழுப்புரம் சீமையில் பிறந்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். ஏரியிலிருந்து கால்வாய் வழியாக வயலுக்குத் தண்ணீர் பாய்கிறது. பாய்ந்தது போக மிஞ்சிய தண்ணீர் வடிகால் வழியே வெளியேற வேண்டும். வடிகால் தூர்ந்துவிட்டால் பயிர் தண்ணீரில் நின்று அழுகும்.

நம் தேகத்தில் ரத்தக் குழாய்கள்தான் கால்வாய். அவற்றிலிருந்து கசிகிற நீர், சதையின் ஒவ்வொரு மூலைக்கும் போஷாக்கைக் கொண்டு போகிறது. மிஞ்சுகிற நீரையும், அதில் கலந்த புரதத்தையும் கழிவையும் திரட்டிக்கொண்டு மறுபடியும் ரத்தத்தில் சேர்ப்பவை நிணநீர்க் குழாய்கள். இதுதான் வடிகால். நாளொன்றுக்கு 2 முதல் 4 லிட்டர் வரை இப்படித் திரும்புகிறது. ரத்தத்தைத் தள்ள இருதயம் இருப்பதுபோல் இதற்கென்று தனி இருதயம் கிடையாது. குழாய்கள் தாமே மெல்லச் சுருங்கி விரிவதாலும், நாம் மூச்சு விடுவதாலும், கை காலை அசைப்பதாலும்தான் இது நகருகிறது.

வழியில் ஆங்காங்கே சோதனைச் சாவடிகள் உண்டு. அவைதாம் நிணநீர் முடிச்சுகள். காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் 'நெறி கட்டியிருக்கிறது' என்கிறோமே, அந்த நெறிதான் இது. கைக்கும் மார்புக்கும் உரிய சாவடி அக்குளில் இருக்கிறது. புற்றுநோயின் துகள்கள் மார்பிலிருந்து முதலில் போய்த் தங்குவது பெரும்பாலும் அங்கேதான். அதனால்தான் டாக்டர்கள் அந்த முடிச்சுகளை எடுக்கிறார்கள். கதிர் சிகிச்சையாலும் அந்த இடம் இறுகிப்போகலாம். சாவடி போனதும் வடிகாலும் அறுகிறது. கையில் நீர் தேங்குகிறது.

அக்குள் முடிச்சுகளை முழுவதும் எடுத்துக்கொண்டவர்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு இந்த வீக்கம் வருகிறது. சிலருக்குச் சில மாதங்களில் வரும். சிலருக்குப் பல வருஷம் கழித்து வரும். இப்போது பல இடங்களில், சாயம் செலுத்தி, முதலில் நீர் போய்ச் சேருகிற 'காவல் முடிச்சை' மட்டும் எடுத்துப் பரிசோதிக்கிறார்கள். அதில் நோய் இல்லையென்றால் மற்றவற்றை விட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்யும்போது வீக்கம் வருவது ஏறத்தாழ இருபதில் ஒருவருக்குத்தான். ரண சிகிச்சைக்கு முன்பே, "டாக்டர், எனக்குக் காவல் முடிச்சுப் பரிசோதனை செய்ய முடியுமா?" என்று கேட்பதில் தவறே இல்லை.

பிடிக்காத மஸாஜ்

இந்த வீக்கத்துக்கு மஸாஜ் உண்டு என்று சொன்னால், "அதைத்தானே அந்தப் பாட்டியும் செய்தாள்?" என்று கேட்பீர்கள். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

1892-ஆம் வருஷத்திலேயே வினிவார்ட்டர் என்ற ஐரோப்பிய ரண சிகிச்சை நிபுணர், வீங்கிய அங்கத்தை உயர்த்தி வைப்பது, கட்டுப் போடுவது, மென்மையாக நீவுவது ஆகிய மூன்றையும் சேர்த்துச் சொல்லியிருந்தார். உலகம் அதை மறந்துவிட்டது. பிறகு 1930-களில் எமில் வோடர் என்ற டென்மார்க்காரரும் அவர் மனைவி எஸ்ட்ரிட்டும் பிரான்ஸ் தேசத்துக் கான் நகரத்தில் இருந்தபோது, தீராத ஜலதோஷத்தால் கழுத்தில் நெறி கட்டியவர்கள் அவர்களிடம் வந்தார்கள். நெறியைத் தொடவே கூடாது என்று இருந்த காலம் அது. வோடர் தம்பதி தொட்டார்கள். ஆனால் பூவைத் தொடுவதுபோல் தொட்டார்கள். 1936-இல் பாரிஸில் தங்கள் முறையை உலகத்துக்கு அறிமுகம் செய்தார்கள். பின்னால் ஜெர்மனியில் டாக்டர் மைக்கேல் ஃபோல்டியும் அவர் மனைவி எதெலும், மஸாஜ், கட்டு, தேகப் பயிற்சி, தோல் பராமரிப்பு என்ற நான்கையும் சேர்த்து ஒரே சிகிச்சையாக வகுத்தார்கள். இன்று உலகெங்கும் நடப்பது இந்த நான்கும் சேர்ந்த முறைதான்.

அதன் சூட்சுமம் இரண்டு.

முதலாவது, அழுத்தம் கூடாது. நிணநீர்க் குழாய்களில் பல தோலுக்குச் சற்றுக் கீழேயே ஓடுகின்றன. குழந்தையின் கன்னத்தைத் தடவும் அளவு பலம் போதும். கை, தோலின் மேல் வழுக்கக் கூடாது. தோலையே மெல்ல நகர்த்திவிட்டு விட வேண்டும். அதனால் எண்ணெய்க்கு இங்கே வேலை இல்லை. பலமாக உருவினால் ரத்த ஓட்டம் கூடி, கசிகிற நீரும் கூடும். நலிந்த குழாய்களும் நோகும்.

இரண்டாவது, முன்னால் வழியைத் திறக்க வேண்டும். வயலில் நீர் தேங்கினால் வயலைக் கலக்கிப் பயன் உண்டா? தூர்ந்த வடிகாலின் வாயைத்தானே முதலில் திறக்கிறோம்! அதேபோல் வீங்கிய கையைத் தொடுவது கடைசியில்தான். முதலில் ஆழமாக மூச்சு இழுத்து விட வேண்டும். பிறகு கழுத்தெலும்புக்கு மேலே உள்ள பள்ளத்தில் மெதுவாக வட்டமிட வேண்டும். அடுத்து, நோய் இல்லாத பக்கத்து அக்குள். பின்பு நோய் இருந்த பக்கத்துத் தொடை இடுக்கு. இப்படி நல்ல சாவடிகளைத் தயார் செய்துவிட்டு, மார்பின் குறுக்கே அந்தப் பக்கம் நோக்கி நீரை ஒதுக்க வேண்டும். அப்புறம் மேல் கை, அதன் பின் முன் கை, கடைசியில் விரல்கள். எங்கே தடவினாலும் திசை தோளை நோக்கித்தான்.

பிரம்மதேசத்து அம்மாளுக்கு முதலில் மருந்து கொடுத்துக் கிருமியை அடக்கினார்கள். அதற்குப் பின்னால்தான் பிசியோதெரபி நிபுணர் ஒருவர் இந்த முறையை அவருக்கும் மருமகளுக்கும் கற்றுக்கொடுத்தார். "முதல் நாள் எனக்கு நம்பிக்கையே வரலே. என்னடா இது, தடவிக் கொடுக்கிறாங்க, பிடிக்கவே மாட்டேங்கறாங்களேன்னு நினைச்சேன்" என்று சிரித்தார். மூன்று வாரம் தினம் பஸ் ஏறிப் போனார்கள். தடவி முடிந்ததும் விரலிலிருந்து தோள் வரை பல அடுக்காகக் கட்டுப் போடுவார்கள். அந்தக் கட்டோடுதான் வீட்டு வேலை.

தடவினால் மட்டும் போதுமா?

இங்கே ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மஸாஜ் மட்டும் செய்தால் வீக்கம் போய்விடும் என்று சில விளம்பரங்கள் சொல்கின்றன. அப்படி அல்ல. பல ஆராய்ச்சிகளைச் சேர்த்து ஆராய்ந்த காக்ரேன் குழுவின் 2015-ஆம் வருஷத்து அறிக்கை, இந்த மஸாஜ் ஆபத்தில்லாதது என்கிறது. ஆனால் வீக்கத்தை வடிப்பதில் பெரும் பங்கு கட்டுக்கே உரியது. கட்டினால் மட்டுமே சுமார் மூன்றில் ஒரு பங்கு வீக்கம் குறைகிறது. மஸாஜும் சேர்ந்தால் இன்னும் கொஞ்சம் குறையலாம். அந்தக் 'கொஞ்சம்' வீக்கம் லேசாக இருக்கும் ஆரம்பத்திலேயே வந்தவர்களுக்கு அதிகம் கிடைக்கிறது. ஆகவே நாள் கடத்தாமல் வருவதுதான் பாதி வைத்தியம்.

வீக்கம் வடிந்தபின் அது திரும்பாதிருக்க, அளவெடுத்துச் செய்த இறுக்கமான மீள்துணி உறையைப் பகலில் கையில் போட்டுக்கொள்ள வேண்டும். நம் ஊர் வெயிலில் இது ஒரு தபசுதான். "சித்திரை மாசத்துல கழட்டிக் கடாசணும்னு வரும்மா. ஆனா ஒரு வாரம் போடாம இருந்து பார்த்தேன். கை சொல்லிட்டுது" என்றார் அம்மாள்.

எல்லோருக்கும் மஸாஜ் ஆகாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கை சிவந்து சூடாக இருக்கும்போதும், காய்ச்சல் இருக்கும்போதும், ரத்தக் கட்டி இருக்கும் என்று சந்தேகம் உள்ளபோதும், இருதயக் கோளாறு முற்றியபோதும் கூடாது. தையல் ஆறி, ரண சிகிச்சை செய்த டாக்டர் உத்தரவு கொடுத்த பிறகே ஆரம்பிக்க வேண்டும். புதிதாக வீக்கம் வந்தால் அது தேங்கிய நிணநீர்தானா, நோய் திரும்பியதால் வந்ததா என்பதையும் முதலில் டாக்டரே தீர்மானிக்க வேண்டும்.

குடம் தூக்கலாமா?

"அந்தக் கையால் ஒரு துரும்பையும் தூக்காதே" என்று இந்தச் சகோதரிகளுக்கு நெடுங்காலம் சொல்லப்பட்டது. குடம் தூக்கக் கூடாது, பேரனைத் தூக்கக் கூடாது, மாவு ஆட்டக் கூடாது! கை ஓய்வெடுத்தது, மனசு ஒடிந்தது.

1996-இல் கனடாவின் வான்கூவர் நகரத்தில் டான் மக்கென்ஸி என்ற டாக்டர், மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட 24 பெண்களைச் சேர்த்து, துடுப்புப் போட்டுப் படகு வலிக்கச் செய்தார். நம் கேரளத்து வள்ளம் மாதிரி நீண்ட படகு அது. கை வீங்கிவிடும் என்று பலரும் பயந்தார்கள். பயந்தபடி நடக்கவில்லை. 2009-இல் அமெரிக்காவில் காத்ரின் ஷ்மிட்ஸ் என்ற ஆராய்ச்சியாளர், ஏற்கெனவே கை வீக்கம் உள்ள 141 பெண்களை வைத்துப் பார்த்தார். மேற்பார்வையோடு, சிறிது சிறிதாக எடையை ஏற்றிப் பயிற்சி செய்தவர்களுக்கு வீக்கம் கூடவில்லை. திடீரென்று வீக்கம் பொங்குவதும் அவர்களுக்குக் குறைந்தே இருந்தது.

அதனால் முழு ஓய்வு வேண்டாம். ஒரேயடியாகச் சுமையும் வேண்டாம். ஆரம்பத்தில் சுவரில் விரல்களால் ஏறுவது, தன் தலையைத் தானே வாரிக்கொள்வது, கொடியில் துணி உலர்த்துவது, இவையே பயிற்சி. அரைக் குடத்தில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டலாம். தேக எடை ஏறாமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

அம்மாளும் மருமகளும் சொன்னதையும், வைத்தியர்கள் சொல்வதையும் சேர்த்துத் தருகிறேன்.

இரண்டு கைகளையும் மாதம் ஒரு முறை ஒரே இடத்தில் டேப்பால் அளந்து எழுதி வையுங்கள். 2 சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தால் காத்திருக்க வேண்டாம். அதற்கு முன்பே கை கனப்பதாகவோ, மோதிரமோ ரவிக்கைக் கையோ பிடிப்பதாகவோ தோன்றினால் அதுவும் சேதிதான்.

அந்தக் கையில் இறுக்கமான வளையல், மோதிரம் வேண்டாம். பாத்திரம் தேய்க்கும்போதும் செடிக்குக் கொத்தும்போதும் ரப்பர் உறை போட்டுக்கொள்ளுங்கள். அரிவாள்மணையில் கீறினால் உடனே சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவி மருந்து போடுங்கள். தோல் வறண்டு வெடிக்காமல் இருக்கக் குளித்தபின் தேங்காய் எண்ணெய் லேசாகப் பூசுவது நல்லது. பூசுவதுதான், உருவுவது அல்ல!

கை சிவந்து, சுட்டு, காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மறுநாள் ஆகட்டும் என்று இருக்கக் கூடாது.

தூரம் குறைந்திருக்கிறது

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துக்கத்தைச் சுமந்துகொண்டு சும்மா இராமல், அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியை 1954-இல் 12 படுக்கைகளோடு தொடங்கினார். 1955-இல் அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-இல் மறையும் வரை அதையே தம் வீடாகக் கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் 'உயிர் பிழைத்தால் போதும்' என்பதே பெரிய ஆசை. இன்று பிழைக்கிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். அதனால்தான் பிழைத்தபின் எப்படி வாழ்வது என்ற கேள்வி எழுந்திருக்கிறது.

திண்டிவனம், விழுப்புரம் பக்கத்தவர்களுக்குப் புதுச்சேரி ஜிப்மர் கூப்பிடு தூரம். முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபி நிபுணர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். கேட்டால்தான் கிடைக்கும். கை வீக்கத்தைப் பற்றி யாராவது முன்கூட்டியே தம்மிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த எட்டு மாதம் மிச்சமாகியிருக்கும் என்பதுதான் அம்மாளின் ஒரே குறை. மற்றபடி யார் மீதும் அவருக்குக் கோபம் இல்லை. உருவிவிட்ட பாட்டி மீதுகூட இல்லை. "அவ என்ன பண்ணுவா? நல்லதுன்னு நினைச்சுத்தானே செஞ்சா! இப்ப அவளுக்கே நான் சொல்லிக் கொடுத்துட்டேன். ஆபரேசன் ஆன கைன்னா தொடாதே, ஆஸ்பத்திரிக்கு அனுப்புன்னு" என்றார்.

கை முழுவதும் சரியாகிவிட்டதா? இல்லை. மூன்று சென்டிமீட்டர் வித்தியாசமாக ஆரம்பித்து, தூண் மாதிரி ஆன கை, இப்போது ஒரு சென்டிமீட்டர் வித்தியாசத்தில் நிற்கிறது. இது ஒரு நாளில் தீருகிற வியாதி அல்ல. தினம் கவனித்து அடக்கி வைக்கிற வியாதி. சாயங்காலம் விளக்கேற்றியதும் மருமகள் வந்து உட்காருகிறார். கால் மணி நேரம், குழந்தையைத் தடவுவதுபோல் மாமியாரின் கையைத் தடவுகிறார். முன்பெல்லாம் இருவருக்கும் பேச்சே குறைவாம். இப்போது அந்தக் கால் மணி நேரத்தில் ஊர்க் கதை முழுவதும் முடிந்துவிடுகிறது.

நான் புறப்பட்டபோது ஒரு பை நிறைய மல்லாட்டை கொடுத்தார். கொடுத்தது வலது கைதான். உறைக்கு மேலே ஒரே ஒரு கண்ணாடி வளையல், தளர்வாக ஆடியது.

"இது ரெண்டே எட்டு. நகைக்காகப் போடலேம்மா. என்னிக்கு இது ஆடாம நிக்குதோ, அன்னிக்கு நான் பஸ் ஏறணும். அதுக்குத்தான்" என்றார்.